வளைவில் முந்திய வக்கீல்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நான் பைக்குகளைச் சோதித்து அனுப்பும் பந்தயத் தடத்தில், சொந்த வண்டியில் ஓட்டிப் பார்க்க வரும் புதியவர்கள் வளைவில் முந்தக் கூடாது என்பது விதி. போன மாதம் நானும் அவர்களோடு ஓட்டியபோது, ஒரு வக்கீல் வளைவிலேயே முந்தி என்னை இடித்துச் சாய்த்தார். "ஓட்டத் தெரியாதவன் எதுக்குடா வந்தே?" என்று வேறு கேட்டார். வெறும் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

நேற்று அவர் வண்டி என்னிடமே சோதனைக்கு வந்தது. பிரேக் பேட் தேய்ந்திருந்தது. விட்டிருந்தால் முதல் வளைவே பழி தீர்த்திருக்கும். ஓரங்கட்டினேன்.

"ஒரு ரவுண்டு விடுப்பா."

"வளைவுல நீங்க என்னை விட்டீங்களா சார்?"

நாள் முழுக்கத் தோல் உடுப்போடு வெயிலில் வெந்தார். செத்திருந்தால் இதை நான் எப்படிப் பார்ப்பது?

வலித் தைலம் அனுப்புங்கள். தோளில் தேய்த்துவிடத்தான் இங்கே ஆளில்லை.

முடிக்கிறேன். வக்கீல் புது பிரேக்கோடு வரிசையில் நிற்கிறார். இன்று சோதனையை ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பிப்பேன்.