ஸ்கூட்டர் பழகிய உடம்பும் லாரியும்

ஐ.என்.ஏ. மார்க்கெட்,
புது தில்லி, ஜூலை 12

அன்புள்ள கௌதமனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், மழை பிடித்தால் அவருக்கு முட்டி வலி வருகிறது, அவ்வளவுதான். மெல்பர்ன் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். போன் பண்ணினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், புசா ரோடு பள்ளிக்கூடத்தில் நான் படித்த தமிழ் இதற்காவது உதவட்டும்.

நீயும் அப்பாவும் எனக்கு வைத்த கெடு ஞாபகம் இருக்கும். ஹெவி லைசென்ஸ் டெஸ்டில் இரண்டாம் தடவையும் தவறினால் லாரியை விற்றுவிடவேண்டும், ஐம்பத்திரண்டு வயதில் இந்த வீம்பு வேண்டாம் என்றீர்கள். வீம்பு இல்லைடா, வியாபாரம். ஒரே வருஷத்தில் மூன்று டிரைவர்கள் சொல்லாமல் நின்றுவிட்டார்கள், தேங்காய் மண்டியிலேயே கிடந்தது, நம்மிடம் வாங்கும் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். லாரி மட்டும் வாசலில் நின்றது. முதல் தடவை ஏன் தவறினேன் என்று உனக்குச் சொல்லவில்லை, சிரிப்பாய். இருபது வருஷம் ஸ்கூட்டரில் மூட்டை ஏற்றி ஓட்டியவள், ஆறு வருஷமாகச் சோட்டா ஹாத்தி டெம்போவும் ஓட்டுகிறவள், லாரி என்ன பெரிய லாரி என்று போனேன். பதற்றத்தில் வளைவு வந்ததும் ஸ்கூட்டரில் மாதிரி உடம்பைச் சாய்த்துவிட்டேன். நான் சாய்ந்தேன், லாரி சாயவில்லை, என்னோடு ஸ்டியரிங்தான் அவசரமாகத் திரும்பியது, பின்சக்கரம் ஓரத்தில் ஏறி அங்கே நட்டிருந்த கம்பத்தைப் படுக்கவைத்துவிட்டது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பல்தேவ் என்னைப் பார்த்து, ஆண்ட்டிஜி, இந்த வண்டிக்கு இடுப்பு கிடையாது என்றார்.

அப்புறம் ஒரு மாதம் அந்தச் சாய்வை விரட்டுவதே வேலையாகப் போயிற்று. அதற்காகப் பழைய பழக்கமெல்லாம் கெடுதல் என்று நினைக்காதே. கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று காலுக்கே தெரிந்திருந்தது, டெம்போ தந்த புத்தி. என்னோடு லாரி ஓட்டப் பழகிய ஒருவன் கார் லைசென்ஸ் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தவன், ரோட்டில் ஓட்டினதே இல்லை, கடைசிவரை கியரைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். சுமை ஏறினால் வண்டி சட்டென்று நிற்காது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஸ்கூட்டரில் போன காலத்தில் லாரிக்காரன் கண்ணுக்கு எந்த இடத்தில் நான் தெரியமாட்டேன் என்று பார்த்து ஒதுங்கினவள், இப்போது கண்ணாடியில் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது டெஸ்ட். அப்பா வேலிக்கு வெளியே நின்றார். பின்பக்கமாக எடுத்து இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். பாதியில் சந்தேகம் வந்தது, வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து ஏறினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, பாஸ் என்று எழுதினார். நேற்று விடிந்ததும் மண்டியிலிருந்து நானே சரக்கை ஏற்றிவந்து இறக்கினேன். அப்பா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஜல்தி வேண்டாம், ஜல்தி வேண்டாம் என்று வழியெல்லாம் சொன்னாரே தவிர, விற்கிற பேச்சையே எடுக்கவில்லை.

உனக்கு உடம்பும் வேலையும் ஒரு குறையில்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். குளிருக்குக் காதை மூடிக்கொள். மறக்காமல் ஒரு காரியம் செய், லாரியை வாங்க நீ பேசிவைத்த காசியாபாத் ஆள் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறானாம். வரச்சொன்னவன் நீ, விற்பனைக்கு இல்லை என்று நீயே கூப்பிட்டுச் சொல். ஏன் என்று கேட்பான், அம்மா ஓட்டுகிறாள் என்று சொல்.

அன்புடன் அம்மா,
சாந்தகுமாரி வேலு