தேய்த்த சட்டையைத் தேய்க்கக் கொடுப்பவர்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இஸ்திரி மேசையில் கம்பளிக்கு மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அது மெத்தென்று இருப்பதால் பேனா உள்ளே இறங்கிவிடுகிறது. ஒரு வரி எழுத ஒரு பேண்ட் தேய்க்கிற நேரம் ஆகிறது. ஆனாலும் பார், யாரையும் கெஞ்சாமல் நானே உனக்குக் கடிதம் எழுதுகிறேன்! மற்றதெல்லாம் அப்புறம், இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

நான் பாஸ். முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டாம் நிலை அடுத்த மாதம் தொடங்குகிறது. "உங்களுக்கும் அடுத்த செமஸ்டர் வருது" என்று சிரித்தார். என்னோடு படிக்கிற லாரிக்காரர் என்னைவிட ஒரு மார்க் கூட வாங்கிவிட்டார். தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார், தாங்க முடியவில்லை. அம்மாவிடம் என் மார்க்கைச் சொன்னேன். "எழுதத் தெரிஞ்சு என்ன, வாயை மூடத் தெரியலையே உங்களுக்கு" என்றாள்.

அங்கே அக்கா வீட்டில் நீ அவளிடமும் அத்தானிடமும் எவ்வளவு சொன்னாயோ தெரியாது. அவர்களும் படிக்கட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் தேர்வை உங்கள் பல்கலைக்கழகத்தில்தான் வைத்தார்கள். இத்தனை வருஷம் அந்தப் பிள்ளைகளின் சட்டையைத் தேய்த்திருக்கிறேன், உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. சீக்கிரமே போய் வராந்தாவில் நின்றேன். அடுத்த அறை வாசலில் நீ வரிசையில் நின்றுகொண்டிருந்தாய். உன் தேர்வெல்லாம் முந்தின வாரமே முடிந்துவிட்டது என்று நீ சொன்னது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அப்பாவும் மகனும் ஒரே நாளில் பரீட்சை எழுதுகிறோம் என்ற சந்தோஷம்தான் தலைக்கு ஏறியிருந்தது. மேற்பார்வையாளர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். நீ "எஸ் சார்" என்றாய். பாவம், மனுஷன் பெயரைத் தப்பாகப் படிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். "சார், அது அவன் பேரில்ல. அவன் என் பையன்!" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவர் உன்னைப் பார்த்தார். நீ என் செருப்பைப் பார்த்துக்கொண்டு "இவரு யாருன்னே தெரியாது சார்" என்றாய்.

அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவர் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார், அதற்குள் நீ பின்வாசல் வழியாகப் போய்விட்டாய். நான் போய் என் பரீட்சையை எழுதினேன். எப்படிப் பாஸானேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்று எல்லாம் சொன்னாயே, அது போதும் எனக்கு. முதலில் காய்ச்சலில் கிடந்த சிநேகிதனுக்காக அவன் பரீட்சையை ஒரு தடவை எழுதியது, அதைத் தெரிந்துகொண்டவர்கள் "இன்னொண்ணு எழுது, இல்லைன்னா காட்டிக் கொடுத்துடுவோம்" என்று மாட்டிவைத்தது, அப்புறம் கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனது. நாங்கள் இதே வீட்டில்தான் இருந்தோம். நீ ராத்திரி பகலாகப் படிக்கிறாய் என்று அம்மா பால் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது உனக்குத் தெரியாத செய்தி. பல்கலைக்கழகத்தில் விசாரணை வருகிற வியாழக்கிழமை காலை. நீ யார் பேரில் எழுதப் போனாயோ, அந்தப் பையன் "நான்தான் வரிசையில நின்னேன், அந்தப் பெரியவர் என்னமோ உளறினார், பயத்துல ஓடிப்போயிட்டேன்" என்று சொல்லிவிட்டானாம். மேற்பார்வையாளருக்கு முகம் நினைவில்லையாம். அதனால் நான் பார்த்ததை என் கையாலேயே எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். என் ஒரு பக்கத்தை வைத்துத்தான் முடிவு.

இது கார்க்காரருக்கும் தெரிந்துவிட்டது. உன்னைக் கூட்டிக்கொண்டு போவாரே, கழுத்து தடித்தவர், அவர்தான். தினமும் கடைக்கு வருகிறார். ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். ஏற்கெனவே தேய்த்த சட்டை, மடிப்புகூடக் கலைந்திருக்காது. "தேய்ங்க பெரியவரே" என்கிறார். நானும் தேய்க்கிறேன், வேறென்ன செய்ய? இஸ்திரிப் பெட்டி போய்த் திரும்புகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கிறார். குரல் உயர்த்துவதே இல்லை. "கண்ணு சரியாத் தெரியல, அது என் பையன் இல்லைன்னு எழுதிடுங்க. அவன் படிப்பும் தப்பிச்சிடும், எல்லாருக்கும் நல்லது. அடுத்த செமஸ்டர்ல தம்பிக்கு நிறைய வேலை இருக்கு" என்கிறார். நான் மெதுவாகத்தான் எழுதுவேன், ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். "எழுதுங்க, எழுதுங்க, என்ன அவசரம்" என்று சிரிக்கிறார். நேற்று அம்மா அவரிடம், "ஒரே சட்டையை இத்தனை தடவை தேய்ச்சா நூலே விட்டுப்போயிடும் தம்பி" என்றாள். அவர் அதற்கும் சிரித்தார். அம்மா உள்ளே போய்ச் சொம்பை எடுத்தாள், தண்ணீரெல்லாம் கீழே கொட்டிவிட்டது.

நேற்று போகும்போது காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி, "பொண்ணைக் கட்டிக் கொடுத்தது எந்த ஊரு?" என்று கேட்டார். காது கேட்காத மாதிரி பெட்டிக்குக் கரி போட ஆரம்பித்தேன். இன்று காலை வந்தவர் அதைக் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் அப்பா சொல்வதைக் கேள். போனை எடுக்காதே. நான் எழுதியதாக நல்ல கையெழுத்தில் ஏதாவது வந்தால் நம்பாதே, அது நானில்லை. இந்தக் கடிதத்தை டீச்சர் கையில் கொடுத்து, அவர் வீட்டுப் பக்கம் தபாலில் போடச் சொல்கிறேன். நம் தெருத் தபால்பெட்டிக்கு எதிரில்தான் அவர் காரை நிறுத்துவது.

நான் என்ன எழுதப்போகிறேன் என்று நீ யோசிப்பாய். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்தேன். "அவன் என் மகன் இல்லை" என்று எழுதினால் உன் பட்டம் உனக்கு, நீ அவர்களுக்கு. அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அவர்கள் கார் அனுப்பும்போதெல்லாம் நீ ஏறவேண்டும். அதைவிட இன்னொன்று. வாயால் சொல்லியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன், பயத்தில் யார்தான் எதைத்தான் சொல்லவில்லை. ஆனால் இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டு, அந்த நாலு வார்த்தையை என் கையால் எழுத என்னால் முடியவில்லை மகனே. இரண்டு வார்த்தை வரைக்கும் போய்ப் பார்த்தேன். அதற்குமேல் கை நகரவில்லை. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் புதுத் தாளில் நடந்ததை எழுதி முடித்துவிட்டேன். அம்மாவின் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. எழுதவில்லை என்றுதான் கார்க்காரரிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதை நான் கொடுப்பதற்கு முன்னால் நீயே வந்து சொல்லிவிடு. அதுதான் நான் கேட்பது. அப்பன் காட்டிக் கொடுத்தான் என்று இருக்க வேண்டாம், நீ சொன்னாய் என்று இருக்கட்டும். அடுத்த செமஸ்டர் போகும். ஒரு வருஷமே போகலாம், மொத்தமாக வெளியேகூட அனுப்பலாம். போகட்டும். கடையில் இன்னொரு பெட்டி சும்மாதான் இருக்கிறது. அத்தானைக் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வா. வீட்டுக்கு வராதே. பல்கலைக்கழக விடுதிக்குப் பின்னால் இருக்கிற சின்ன கேட்டுக்கு நேராகப் போ. அங்கே இருக்கிற காவலாளியின் சீருடை நான் தேய்ப்பதுதான், திறந்துவிடுவார். நான் முன்னாலேயே போய் அலுவலக வாசலில் நிற்பேன். கடிதம் கிடைத்த அன்றே அக்காவும் பிள்ளைகளும் அத்தான் அம்மா வீட்டுக்குப் போய்விடட்டும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா உன் தலையணை உறையை மாற்றிவைத்திருக்கிறாள்.

கார் மறுபடியும் வந்து நிற்கிறது. கையில் சட்டை இல்லாமல் இறங்குகிறார், இந்தத் தடவை இரண்டு பேர். மடித்து உள்ளே வைக்கிறேன். வியாழக்கிழமை எது எப்படி நடந்தாலும், நீ எங்கே இருந்தாலும், அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன், கட்டாயம் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா