நான் நீட்டிய கை

யூலை 13, ஞாயிறு.

இன்று நாங்கள் வென்றோம். ஆனாலும் எனக்கு நித்திரை வரவில்லை.

பேஸ்போல் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் ஒரு ஓட்டம் முன்னுக்கு நின்றோம். இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் போதும். எறிந்துகொண்டிருந்தவன் நிரோஷன். கடைசியில் இறங்கி, எறிந்து, ஆட்டத்தைக் காப்பாற்றுவது பன்னிரண்டு வருடமாக என் வேலையாக இருந்தது. தோள் போனபிறகு என்னைக் கோச் ஆக்கினார்கள். என் இடம் அவனுக்குப் போனது.

பேஸ்போலில் கோச் மைதானத்தின் நடுவுக்குப் போய்க் கையை நீட்டினால், எறிபவன் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். நான் அவனுக்குத் தைரியம் சொல்லத்தான் போனேன். சனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஒருகாலத்தில் இதே பார்க்கில் என் பெயரைக் கத்திய சனம். கை தானாக நீண்டுவிட்டது.

"அண்ணை, நான் நல்லாத்தானே எறியிறன்?"

"களைச்சுப் போனாய். தா."

பந்து அவன் கைச்சூட்டோடு இருந்தது. அடுத்து எறிய வந்தவனிடம் அதைக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை.

வந்தவன் கடைசி ஆளையும் அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்துவிட்டான். லண்டனில், விம்பிள்டன் ட்ராமில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எங்கள் அணிப் பெடியள் என் மூளையைப் புகழ்ந்தார்கள்.

சாப்பிடும்போது நிரோஷனின் மெசேஜ் வந்தது. "அண்ணை, ரெண்டு கிழமையா தோள் நோகுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? நாளைக்கு டொக்டரிட்டக் காட்டப்போறன்."

"அனுபவம்தான்" என்று பதில் போட்டேன். உடனேயே இன்னொன்றும் போட்டேன்: "எத்தனை மாதம் எறிய ஏலாமல் போகும்?"

மாதம் என்று அவன் எழுதவே இல்லை.