முகிலோன் முதுகிலிருந்த பட்டு

நன்று விளைக. வெண்கரை நாட்டின் ஏழு வாயிலும் காத்து, ஆற்றின் இரு கரையையும் ஒரு நிழலில் வைத்து, முப்பத்தொரு யாண்டாக அரியணையில் அமர்ந்திருக்கும் ஏழிசை நாச்சியார் திருவாய் மொழிந்த ஓலை. தென்கானக் குடியேற்றத்தின் காவலர், காடு திருத்தினார், எல்லைக்கல் நாட்டினார் என்று நம் கையாலேயே இரு பட்டங்கள் பெற்ற விழுப்பரையர் காண்க. உம் கரிசல் ஈரம் காயாதிருக்கட்டும். உம் குடிகளின் சோளம் கதிர் முற்றட்டும். உம் மனையோர் யாவரும் நலம் என்று கேட்க விரும்புகிறோம். இங்கும் நலம். மூட்டு வலியும் பொய்த்த மழையும் நீங்கலாக, நலம்.

நீர் விடுத்த முறையீடு வந்து சேர்ந்தது. அரண்மனைக் கொட்டில் காவலன் சாத்தையன், நம் பொலிகுதிரையாகிய முகிலோனின் முதுகிலிருந்த இலச்சினைப் பட்டைக் காளிமேட்டுச் சந்தையில் குடியானவர் நடுவே உரித்தெறிந்தான் என்றும், அதனால் அரியணைக்கே பழுது நேர்ந்தது என்றும், உரித்த கையை வெட்டவும் குதிரையைக் கொன்று புதைக்கவும் ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். சான்றாகப் பட்டையும் அனுப்பியிருந்தீர். அதில் இன்னும் குதிரை வேர்வை மணக்கிறது.

ஒருவன் கையை வெட்டும் முன் அந்தக் கை ஏன் நீண்டது என்று அறிய வேண்டாவா? ஆதலால் உம் காவலில் இருக்கும் சாத்தையனிடமும் சந்தையில் நின்றவரிடமும் நம் எழுத்தரை அனுப்பினோம். அவரவர் பேச்சை அரண்மனைத் தமிழாக்காமல் கேட்டபடியே எழுதி வருக என்றோம். திருத்திய பேச்சையே கேட்டுக் கேட்டு நம் செவி சலித்துவிட்டது. அவர் கொணர்ந்த ஓலையில் கண்டது இது.

தென்கானத்துக் குதிரைகள் கழுதையினும் ஒரு சாண்தான் உயரம் என்பதும், மழைக்காலத்தில் சோள வண்டி கரிசலில் புதைந்தால் அவற்றால் இழுக்க முடிவதில்லை என்பதும் நீர் அறிந்ததே. அதற்காகவே முகிலோனைச் சாத்தையனோடு அனுப்பினோம். எந்தக் குடியானவரும் தம் பெட்டைக்குதிரையைக் கொணரலாம், கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை, பிறக்கும் குட்டி அவருக்கே உரியது என்று ஊர்தோறும் பறையறைந்து அறிவிக்கச் சொன்னோம். பங்குனி முடிவதற்குள் ஒரு பெட்டையும் வராவிடில் குதிரையை எல்லைப்படைக்கு அனுப்பிவிடுக என்றும் சொன்னோம். அந்த ஆணையை வாங்கிய அன்று சாத்தையன் உணவு கொள்ளவில்லையாம். தாய் வயிற்றிலிருந்து முகிலோனை இழுத்தெடுத்த கை அவனுடையது. எல்லைக்குப் போன குதிரைகளில் எத்தனை திரும்பின என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஆகவே பதினொரு ஊர்களிலும் அவன் தொண்டை கிழியக் கூவினான். நம் அவைப்புலவர் எழுதிக்கொடுத்த குலவரிசை நாற்பது அடி. முகிலோன் தந்தை காற்றேறு, காற்றேற்றின் தந்தை கடல்தாவி, கடல்தாவியின் தாய் வெள்ளிநுதல் என்று ஏழு தலைமுறை. இலச்சினைப் பட்டு போர்த்து, சதங்கை கட்டி, நெற்றியில் தங்கப்பூ சூட்டிக் குதிரையை நடத்தினான். மக்கள் திரண்டார்கள், கைதட்டினார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு பெட்டையும் வரவில்லை.

பன்னிரண்டாவது ஊர் காளிமேடு. அன்று பங்குனி இருபத்தாறு. சாத்தையனுக்குக் குரல் போய்விட்டது, முழங்கால் வீங்கியிருந்தது. மாட்டுச் சந்தையின் ஓரத்தில் புளியமரத்து அடியில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, காற்றுப் போன உலைத்துருத்தி போன்ற குரலில் குலவரிசையை ஓதிக்கொண்டிருந்தான். கடல்தாவி வரை வந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஏனுங்க கொட்டில்காரரே, இன்னும் எத்தனை தாத்தன் இருக்காங்க?"

"நாலஞ்சு தலைமுறை இருக்குதம்மணி."

"எம்மவளைக் கட்டிக் குடுக்கறப்பக்கூட மாப்பிள்ளைக்கு இத்தனை தாத்தன் பேரு கேக்கலீங்க. கேட்டிருந்தா அவனே ஓடிப்போயிருப்பான்."

கூட்டம் சிரித்தது. அவள் பெயர் காரியாத்தாள். கணவனை இழந்தவள், ஆற்றோரம் கரிசல் உழுபவள். அவள் கையில் கொண்டைச்சி என்னும் பெட்டை இருந்தது. குள்ளமானாலும் மார்பு அகன்றது, கால் பழுதற்றது, பருவத்தில் நிற்பது. சாத்தையனின் கண் அப்போதே அந்தப் பெட்டையின் மேல் பதிந்துவிட்டது என்று அவனே சொன்னான்.

"குதிரையைப் பாரு அம்மணி. பாட்டனை விட்டுரு. இந்த உயரம், இந்த நடை. உனக்குப் புடிக்கலியா?"

"உயரம் புடிச்சிருக்குது. நடையும் புடிச்சிருக்குது. முதுகைத்தான் பாக்க முடியலியே. பதினோரு ஊர்லயும் உங்க குதிரைக்குப் பட்டு இறங்கலையாமா. நாங்க மாடு புடிச்சாலும் குதிரை புடிச்சாலும் மயிர்ச்சுழி பாக்காமப் புடிக்க மாட்டமுங்க. மூடி வெச்ச முதுகுன்னா உள்ளுக்குள்ள கெட்ட சுழின்னு அர்த்தம்."

"இது ராசமுத்திரை போட்ட பட்டு. இறக்கக் கூடாது."

"அப்ப எம் பெட்டையையும் இறக்க மாட்டேன். வாடி கொண்டைச்சி, நாம போலாம். இவங்க நம்மளுக்குச் சோறு காட்டறாங்க, குழம்பைக் காட்ட மாட்டேங்கறாங்க."

விழுப்பரையரே, அரண்மனையில் பட்டு போர்த்துவது பெருமை. பொதுமக்கள் கண்ணில் படாதிருப்பதே அரச குதிரைக்கு அழகு என்று நம் முன்னோர் வகுத்தனர். உழுதுண்பவர் கண்ணுக்கோ மூடியது எதுவும் குறையுள்ளது. இது நம் அவையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாற்பது அடி எழுதிய புலவருக்கும் தோன்றவில்லை; எழுதச் சொன்ன நமக்கும் தோன்றவில்லை.

அவள் பெட்டையைத் திருப்பிப் பத்தடி நடந்துவிட்டாள். சாத்தையன் முகிலோனைப் பார்த்தான். முகிலோன் பெட்டையைப் பார்த்துக் கனைத்தது. இன்னும் நான்கு நாளில் எல்லைக்குப் போக வேண்டிய குதிரை. அப்போது தனக்கு அச்சம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது என்கிறான் சாத்தையன். தலைமேல் வைத்த சுமையை இறக்கியாக வேண்டும் என்பது போன்ற அலுப்பு. அவன் வயிற்றுவாரை அவிழ்த்தான், பட்டை உருவினான், தரையில் போட்டான்.

"வா அம்மணி. வந்து பாரு. எல்லாரும் வந்து பாருங்க."

கெட்ட சுழி இருந்தது. சேணம் அமரும் இடத்தில், முதுகெலும்பின் இருபுறமும், எதிரெதிராகச் சுழன்ற இரண்டு சுழிகள். கூட்டத்தில் ஒருவன் வாய்விட்டே சொன்னான்:

"அய்யோ, குடைசாய்ச் சுழி! வெச்சிருக்கறவன் குடை சாஞ்சு போகுமே!"

சாத்தையன் மறுக்கவில்லை. "ஆமா, அதேதான். நான் பன்னண்டு வருசமா அதைத் தடவித்தான் தேச்சுக் குளிப்பாட்டறேன். சுழி இருக்குது. நோய் இல்ல, கடி இல்ல, உதை இல்ல. உள்ளது இவ்வளவுதான். இனி உங்க இஷ்டம்."

காரியாத்தாள் திரும்பி வந்தாள். முகிலோனின் முதுகில் கை வைத்துச் சுழியைச் சுற்றி விரலால் ஒரு முறை வளைத்துப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள். நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"குதிரை யாரோடது?"

"நாச்சியாரோடது."

"அப்பச் சுழியும் அவங்களோடது. குட்டி எனக்கு. அதுக்கு என்ன சுழின்னு பொறந்தப்புறம் பாத்துக்கறேன். கெட்ட சுழியாவே இருக்கட்டுமே, சாயறதுக்கு எங்கிட்ட ஏதுங்க குடை? மழைக்குக் கோணியைத்தான் தலையில போடறேன்."

அன்று மாலைக்குள் கொண்டைச்சி முகிலோனோடு சேர்ந்தது. அடுத்த மூன்று நாட்களில் ஒன்பது பெட்டைகள் வந்தன. நான்காம் நாள் உம் ஆட்கள் வந்து சாத்தையனைக் கட்டி இழுத்துச் சென்றனர். எழுத்தர் கொணர்ந்தது இத்துடன் முடிந்தது.

இனி நம் சொல். அரசிக்குத் தீங்கு செய்யும் சுழி இது என்று ஊரறியச் செய்தான், ஆதலால் துரோகி என்கிறீர். அந்தச் சுழியை நாம் அறிவோம். முகிலோன் பிறந்த மூன்றாம் நாள் நிமித்திகர் கண்டு, கொன்றுவிடுக என்றார். நமக்கு மனம் வரவில்லை, மூடிவிடுக என்றோம். அந்தப் பட்டு பெருமைக்காகப் போர்த்தியதன்று. நம் ஆணையால், நம் அச்சத்தால் போர்த்தியது. சாத்தையன் அதை அறிந்தும் பன்னிரண்டு யாண்டு ஒருவரிடமும் சொல்லாதவன்.

அந்தப் பன்னிரண்டு யாண்டில் நம் மூத்த மகன் இறந்தான். வெள்ளம் வடியும் முன் ஆற்றைக் கடக்கச் சொன்னது நாம், குதிரை சொல்லவில்லை. வடகோட்டை கைவிட்டுப் போயிற்று. அதன் காவலருக்கு உரிய நாளில் உணவு அனுப்பாதிருந்தது நாம். சில வேளைகளில் சுழியை நினைத்தோம். பழியைக் குதிரையின் முதுகில் ஏற்றிவிட்டால் நமக்கு எவ்வளவு இலகுவாக இருக்கும் என்றும் நினைத்தோம். அது சேணம் சுமக்கும். அந்தச் சுமையை ஏன் சுமக்க வேண்டும்? இதைக் காளிமேட்டில் கோணி போர்த்துபவள் ஒரு நொடியில் பிரித்துச் சொல்லிவிட்டாள். நமக்கு இத்தனை காலம் ஆயிற்று.

ஆதலால் ஆணை. இவ்வோலை கண்ட பொழுதே சாத்தையனின் கட்டு அவிழ்க. அவன் கை அவனுடையது. முகிலோன் தென்கானத்திலேயே நிற்க. எல்லைக்குச் செல்ல வேண்டா. இனி எந்த ஊரிலும் குலவரிசை ஓதற்க. பொலிகுதிரை வெற்று முதுகோடு நிறுத்தப்படுக. வேண்டுவோர் தொட்டுப் பார்க்க.

உமக்கும் ஒரு சொல் உண்டு. பறையறைந்த பன்னிரண்டு ஊர்களில் முதலாவது உம்முடையது. உம் கொட்டிலில் ஆறு பெட்டைகள் உள்ளன என்று எழுத்தர் எண்ணி வந்தார், ஒன்றும் வரவில்லை. நீரும் பட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஐயுற்றீர் போலும். ஐயுற்றதைக் காரியாத்தாள் வாய்விட்டுக் கேட்டாள், நீர் கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் ஆறையும் நீரே கயிறு பிடித்துக் கொணர்க.

நீர் சான்றாக அனுப்பிய பட்டு இவ்வோலையோடு திரும்பி வருகிறது. அதைக் காரியாத்தாளிடம் சேர்ப்பிக்க. நூல் மென்மையானது, ஈரம் நன்கு உறிஞ்சும். வரும் மாசியில் கொண்டைச்சி ஈனும்போது குட்டியைத் துடைக்க உதவும். குட்டியின் சுழி என்னவென்று எமக்கு எழுத வேண்டா. நான்கு காலில் எழுந்து நின்றதா என்பதை மட்டும் எழுதுக.

ஏழு வாயில் முத்திரை வைத்தோம். மூட்டு வலியால் முத்திரை சற்றே கோணியிருக்கும். நம்முடையதே என்று கொள்க. கரிசல் நிறைக.