தண்ணீர் தெளிக்காத மூட்டு

எதிர்வீட்டில் கதவுகளுக்கு வார்னிஷ் பூசுகிறார்கள். நேற்றுக் காலை ஜன்னலைத் திறந்ததும் லின்சீட் எண்ணெயின் வாசனை உள்ளே வந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அந்த வாசனை வந்தால் பின்னால் நீ நிற்க வேண்டும் என்று என் கழுத்து இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கையில் புனலும் மறு கையில் சூடு பண்ணிய எண்ணெய்ச் சட்டியுமாக நிற்பாய். பற்றவைத்து முடித்த இரும்புக் குழாய்களுக்குள் அதை ஊற்றி, இப்படியும் அப்படியும் சாய்த்து, உள்சுவர் முழுக்கப் படியவைத்து, மிச்சத்தை வடித்துவிட்டுத் துளையை அடைப்பாய். "வெளித் துரு கண்ணுக்குத் தெரியும், தேய்ச்சு எடுத்துரலாம். உள்ள இருக்கறத என்ன பண்ணுவ?" என்பாய். முழங்கை வரை எண்ணெய் வழியும்.

வாசனை வந்த அன்றே உன் அம்மாவின் போனும் வந்தது.

"தாயி, கொட்டகைய வாடகைக்குக் கேக்குறாங்க. உங்க கூடு அப்படியே கெடக்கு. என்ன செய்யிறதுன்னு நீ வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

வருகிறேன் என்றேன். நீ போனபிறகு அந்தக் கொட்டகைக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. துக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அதன் ஜன்னல் மேடையில் நாம் அறுத்துவைத்த ஓர் இரும்புத் துண்டு. "இத ஏன் அறுத்தீங்க?" என்று அம்மா கேட்டுவிட்டால் என்ன சொல்வேன்? சொல்லமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் ஊர்த் திருச்சுழியிலிருந்து உன் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நீ ஜன்னலோரம்தான் உட்காருவாய். வழியில் வரும் பெரிய கண்மாயைக் காட்டி, "ஏலே, இது காஞ்சு கெடக்கறப்ப எவ்வளவு நீளம் பாத்தியா? நமக்குன்னே வெட்டி வச்சிருக்காங்க" என்பாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் உன்னிடம் ஒரே ஏலேதான். பறப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும், ஆயிரம் சோதனை இருக்கிறது என்று நான் இழுப்பேன். "மொதல்ல கூடு நிக்கட்டும்" என்பாய். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். அதன் எலும்புக்கூட்டைத்தான் நாம் கூடு என்றோம். உன் வீட்டில் தறிகளை விற்றுவிட்ட பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில் அது வளர்ந்தது.

கல்லூரி மெக்கானிக்கல் வகுப்பில் முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் நீ. பையில் கதைப் புத்தகம் வைத்திருந்தேன் என்பதுதான் காரணம் என்று பிறகு சொன்னாய். படிப்பு முடிந்து நான் மதுரையில் உலோகச் சோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். நீ பஸ் பாடி கட்டுமிடத்தில் வெல்டிங் பிடித்தாய். வேலையை அன்றே நீ பிரித்துவிட்டாய்: "இரும்பப் பொறுக்குறது நீ. பத்த வைக்கிறது நான்."

பொறுக்குவதில் உன் வீடே கலந்துகொண்டது. உன் அப்பா, நீ நைனா என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் நிதானமாக வந்து நின்று, "எவர்சில்வர்ல பண்ணீருங்கம்மா. துருவே பிடிக்காதுல்ல?" என்றார்.

"நைனா, அது குடத்துக்கு. என்ஜின் ஓட ஓட இது அதிர்ந்துக்கிட்டே கெடக்கும். எவர்சில்வர் அத ரொம்ப நாளு தாங்காது, விண்டு போயிரும்."

"குடம் விண்டு நான் பாத்ததில்லையே."

"குடத்த யாரு பறக்க விட்டா?"

தெருமுனையில் கேட் செய்யும் கடைக்காரர் வந்து குழாயைத் தட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, காகிதமாட்டம் இருக்கு? நம்ம கேட்டு பைப்பு போடுங்க. மாடு முட்டுனாலும் நிக்கும்."

"நிக்கும்ணே. எந்திரிக்காதே!" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

நமக்குள்தான் உண்மையான சண்டை. சாதாரணக் கார்பன் இரும்பு போதும் என்றேன் நான். பற்றவைப்பதில் கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். நீ கேட்டது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உலோகக் கலவை. அதே பலத்துக்குக் குழாயின் சுவர் மெலிதாக இருந்தால் போதும், எடை குறையும். ஆனால் அது ரோஷக்காரி. பற்றவைத்த சூட்டிலிருந்து அசையாத காற்றில் மெதுவாக இறங்க வேண்டும். திடீரென்று குளிர்ந்தால் மூட்டின் ஓரம் கண்ணாடிபோல் விறைத்து, மயிரிழை விரிசல் விடும். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். பளு தாங்கும் கூட்டுக்கு உன் ரோஷக்காரி, சீட்டுக்கும் பெடலுக்கும் என் சாது. மதுரையில் மாதிரி மூட்டுகளை வளைத்துப் பார்த்து, எதற்கு எது என்று சொல்வது என் வேலை. சொன்னபிறகு நீ ஒருமுறைகூட மாற்றியதில்லை.

மெலிந்த குழாய் என்பதால் கேஸ் வெல்டிங்தான் வைத்தாய். சூடு அகலமாகப் பரவும், பொறுமையாக இறங்கும் என்பாய். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, ஒவ்வொரு மூட்டுக்கும் காத்திருந்தோம். அந்த நேரத்துக்குத்தான் என் புத்தகம். வியர்வை சொட்டச் சொட்டத் தரையில் சாய்ந்துகொண்டு, "ம், படி" என்பாய். மூட்டு கை வைக்கும் சூட்டுக்கு வரும்வரை படிப்பேன். பிறகு அந்தந்த நேரத்தில் படித்த கதையை வைத்து நீ மூட்டுகளுக்குப் பெயரே வைத்துவிட்டாய். வால் பக்கம் ஒன்று கல்யாணம் நின்றுபோன மூட்டு. சீட்டுக்கு அடியில் ஒன்று தாத்தா உயில் எழுதாமல் செத்த மூட்டு. விமானம் கட்டுகிற யாரும் எங்கும் இப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

அம்மாவின் தண்ணீர்ச் சொம்பு அப்போதும் அங்கே உண்டு. தறி ஓடிய காலத்துப் பழக்கம். நம் ஊர் வறண்ட காற்றில் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். மதியமானால் ஜன்னலைச் சாத்தித் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், ஈரம் பட்டால் நூல் தாங்கும். தறிகள் போனபிறகும் மதியமானால் அம்மாவின் கை சொம்பைத் தேடிக்கொண்டு போனது. நீயும் தடுக்கவில்லை. வேலைக்கு நடுவே அவர்கள் வருவதில்லை என்பதால் நாம் அதை நினைக்கவே இல்லை.

அன்றைக்கு நீ பற்றவைத்தது இறக்கையின் பளு முழுவதும் வந்து இறங்கும் மூட்டு. சுற்றிலுமிருந்து குழாய்கள் வந்து கூடும் இடம். அதுவரை நீ செய்ததிலேயே அழகானதும் அதுதான். சிலிண்டரை மூட வெளியே போனாய். நான் வாசலில் பையைக் குடைந்து புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக அம்மா வந்ததை இருவருமே பார்க்கவில்லை. 'புஸ்'ஸென்ற சத்தம் கேட்டுத் திரும்பினால், செம்மை மங்காத மூட்டிலிருந்து ஆவி எழும்புகிறது. அம்மா கையில் கவிழ்ந்த சொம்பு.

"எப்படிக் கொதிக்குது பாரு. நூலுன்னாலும் இரும்புன்னாலும் சூடு ஆகாது தாயி," என்றார்கள். முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

நீ நிலைப்படியில் நின்றுவிட்டாய். ஒரு நொடிதான். பிறகு, "சரிம்மா, குளுந்துருச்சு" என்று சிரித்தாய்.

மறுநாள் விரிசல் பார்க்கிற சிவப்புச் சாயத்தை மதுரையிலிருந்து கொண்டுவந்தேன். பூசி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தோம். மூட்டின் ஓரமாகச் சிவப்பாக ஒரு நூல் மெல்ல மேலே வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா காபியோடு உள்ளே வந்து, சாயத்தைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார்கள். நீ தெலுங்கிலேயே நீளமாகப் பதில் சொன்னாய். அவர்கள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்கள். தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"நைனா சாயத்தக் கொட்டிட்டாருன்னேன்." பிறகு என் கையைப் பிடித்தாய். "அம்மாட்ட சொல்லிராத. தாங்க மாட்டாக."

உன் வீட்டுத் தெலுங்கை நீ எனக்கு ஒழுங்காக மொழிபெயர்த்ததே இல்லை. அம்மா உன்னைத் திட்டும்போதெல்லாம், "உன் புடவை நல்லாருக்காம்" என்பாய். நான் சுடிதாரில் நிற்பேன்.

கையிருப்பில் வேறு குழாய் இல்லை. விரிசலின் மேலேயே இன்னொரு முறை ஓட்டிவிடலாமா என்று பார்த்தாய். வாய்விட்டுக் கேட்கவில்லை, என்னைப் பார்த்தாய், அவ்வளவுதான். "இதுல உக்காரப் போறது நீ," என்றேன். ரம்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினாய். "நீயே அறு. எனக்குக் கை வராது." அறுத்தேன். நீ மறுமுனையைப் பிடித்துக்கொண்டாய். அறுந்து விழுந்ததை ஜன்னல் மேடையில் வைத்தாய், நல்ல பக்கம் நம்மைப் பார்க்கும்படி.

புதுக் குழாய் வந்து, அந்த மூட்டை மறுபடியும் செய்தாய். முந்தியதைவிட நன்றாகவே வந்தது. வால் நுனியில் கடைசி மூட்டு ஒன்றுதான் பாக்கி, அதையும் முழுக்க ஓட்டாமல் அங்கங்கே புள்ளி வைத்துப் பிடித்திருந்தாய். காய்ச்சல் என்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனாய். பார்க்க வந்த அன்று, "என்ன புத்தகம் கொண்டாந்த?" என்று கேட்டாய். படித்தேன். பாதியில் தூங்கிப்போனாய். அடுத்த முறை நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

இன்று காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இந்த வருஷம் மழை உண்டு. கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, உன் ஓடுபாதையில் கொக்குகள் இறங்குகின்றன. பார்த்திருந்தால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

அம்மா இளைத்திருக்கிறார்கள். கொட்டகையைத் திறந்துவிட்டு என்னை முன்னால் விட்டார்கள். கூட்டின் மேல் தறிச்சேலை ஒன்றை விரித்து மூடியிருந்தார்கள். நான் சேலையை மடித்துக்கொண்டிருந்தபோது நேராக ஜன்னல் மேடைக்குப் போய் அந்தத் துண்டை எடுத்தார்கள். திருப்பினார்கள். சிவப்புக் கோடு இன்னும் இருந்தது.

"இதுக்குப் பயந்துதான இம்புட்டு நாளா வராம இருந்த?"

மடித்த சேலையைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கே சொல்லிட்டா தாயி. உன் முன்னாடியேதான், தெலுங்குல. 'நீ ஊத்துன தண்ணிதாம்மா, ஆனா உனக்குத் தெரியாதுல்ல, நூலுக்குச் செய்யிறதத்தான செஞ்ச' அப்படின்னா. எனக்கு உன்னயப் பாக்கவே வெக்கமாப் போச்சு. எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிய வேண்டாம்னு நாந்தான் அவகிட்ட சொன்னேன்."

"எங்கிட்ட உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னா," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. "கள்ளி! ரெண்டு பேரையும் ஏச்சிருக்கா," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இருவருக்கும் நடுவில் நின்று, இருவர் மானத்தையும் நீ காப்பாற்றியிருக்கிறாய். காபி ஆறுவதற்குள் செய்து முடித்திருக்கிறாய்.

"வாடகைக்கு விடப் போறீங்களா?"

"கேட்டாங்க. நீ வந்து என்ன சொல்றன்னு பாப்பமேன்னு இருந்தேன். அவ நைனா, கூட்டப் பழைய இரும்புக்குப் போடவே கூடாதுன்னுட்டாரு. நீ சொல்லு."

நீ போனபிறகு எங்கள் சோதனைக் கூடத்துப் பட்டறையில் மாலைகளில் கேஸ் வெல்டிங் பழகினேன், உன்னிடம் சொல்லாத விஷயம் அது ஒன்றுதான். என் கையில் உன் நேர்த்தி இல்லை. ஆனால் உள்வரை உருகிச் சேர்கிறது, அறுத்துப் பார்த்திருக்கிறேன். "கடைசி ஒண்ணு பாக்கியிருக்கும்மா. அத முடிச்சுட்டு மத்ததப் பேசுவோம்," என்றேன். கேட் கடைக்காரர் தன் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். பைப்பைப் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

வால் நுனியில் நீ வைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாக என் ஓட்டத்தில் கரைத்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் கோடு கொஞ்சம் தடித்துவிட்டது. நீ பார்த்தால் சொல்லிக்காட்டுவாய். சுடரை அணைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா ஃபேனை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். மதிய நேரம். மூலையில் சொம்பு நிறைந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்து, நீ சாயும் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"புத்தகம் படிப்பியாமே. கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தேன். பையில் புத்தகமில்லாமல் வெளியே கிளம்ப எனக்கு இன்றும் வராது. எது சூடாக இருந்தாலும், அது இறங்குவதற்கான பக்கங்கள் என்னிடம் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. உனக்குப் பாதியில் விட்ட அதே புத்தகம்தான். நீ தூங்கிப்போன இடத்தில் மூலை மடித்திருந்தது. அங்கிருந்து தொடங்கினேன்.

ஒரு அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தினேன். அம்மா எழுந்துபோய், புறங்கையை மூட்டுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்கள்.

"இன்னும் சுடுது," என்று வந்து உட்கார்ந்தார்கள். "படி."