ஒரு ரூமுக்கு நாலு பேர்

கார்த்திகை 10, புதன்கிழமை

வெள்ளிக்கிழமை கப்பல் பயணம். டிக்கெட் எடுத்தது மகள். இன்று பெட்டி அடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "கப்பல்லயும் பட்டாசு கம்பெனி சட்டம்தான்டி. பட்டு, நைலான்லாம் பொறி தட்டும். பருத்திதான் கட்டணும்" என்று மனைவி பேச்சியிடம் சொல்லிவைத்தேன்.

முப்பது வருடம் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவள். சிரிப்பாள் என்று நினைத்தேன். மகள் வாங்கித் தந்த பட்டுச் சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

"கப்பல்ல எம்புட்டு ஆளுக இருப்பாக?"

"ரெண்டாயிரம் பேரு இருப்பாக."

"கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு பேருதான சட்டம்? வெடிச்சா யாரு பதில் சொல்றது? நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று கெஞ்சினேன்.

"எது விளையாட்டு? அப்பச் சொன்னீகளே, அதா? இப்பச் சொல்றீகளே, இதா?"

எனக்கே குழம்பிவிட்டது. அவள் வராவிட்டால் நடுக்கடலில் நான் யாரை வம்புக்கு இழுப்பேன்?

சற்றுமுன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பட்டுச் சேலை உள்ளே இருக்கிறது. நான் ஆசையாக வாங்கிய பளபளக்கும் நைலான் சட்டையைத்தான் காணோம். அந்த இடத்தில் என் பழைய பருத்திச் சட்டை, கிழிந்தது.

பயந்துவிட்டாளா, பழிவாங்குகிறாளா? கேட்கலாம் என்று திரும்பினால் தூங்குகிறாள். ஆனால் போர்வை குலுங்குகிறது.