சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள்

சுந்தரபாண்டியபுரம்

அன்பு மகன் இசக்கிப்பாண்டிக்கு அம்மா எழுதுவது. என் வயிற்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். அந்த லடாக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சாரல் தொடங்கிவிட்டது, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், அந்தச் சாக்கில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். புளியறையிலிருந்து உன் பிச்சைமணி மாமா வந்தான். "குளிக்க வந்தேன்க்கா, அப்படியே ஒன்னையும் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" என்றான். தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. என் கூடப்பிறந்தவன்தானே, அவன் முழி எனக்குத் தெரியாதா? அவன் கிளம்புகிற அழகு உனக்கே தெரியும். செருப்பை மாட்டுவான், வாசலில் நின்று ஒரு கதை, பைக்கை ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிட்டு இன்னொரு கதை, வாறேங்க்கா என்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்றைக்கு நான் காப்பி போட்டுக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். சத்தம் கேட்கக் கூடாதென்று பைக்கை உருட்டிக்கொண்டே போயிருக்கிறான், பாவி. மறுநாள் உன் உமா மகேஸ்வரி அத்தையும் அப்படித்தான், என் கையைப் பிடித்தாள், எழுந்தாள், போய்விட்டாள். செத்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனால்தானே போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் எழுந்து வருவோம்? நான் சாகுமுன்னே நம் வீட்டைத் துட்டி வீடாக்கிவிட்டார்கள். வயிற்றில் வெறும் புண்தான் என்று டாக்டர் சொன்னதாக உன் அப்பா சொல்லுகிறார், நானும் நம்பியிருப்பேன். இவர்கள் கிளம்பின விதத்தில்தான் விஷயம் புரிந்தது. பயமாக இருக்கிறது அய்யா.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, வைக்கட்டுமாம்மா, வைக்கேன் என்று சொல்லிச் சொல்லி வைக்காமல் பேசுகிறவன், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கட் பண்ணிவிட்டாய். சிக்னல் போயிருக்கும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பக் கூப்பிடவில்லை. உனக்கும் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவைத் திட்டாதே, அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறார். லீவு கேட்டு வா. குளிக்க வந்தேன் என்று மட்டும் சொல்லாதே. திரும்பிப் போகும்போது நான் தூங்கினாலும் எழுப்பி, வாசலில் நின்று, போயிட்டு வாறேம்மா என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லு. அதற்கடுத்த லீவுக்கு நீ வரும்போது நான் இருக்கமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லு லே. நானும் போயிட்டு வா என்று சொல்லுவேன்.

அந்த முப்பிடாதியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். காதை மூடிக்கொள்.

வாசலைப் பார்த்திருக்கும் உன் அம்மா,
முப்பிடாதியம்மாள்